ஃபேஜ் யாரு பக்கம்?

"பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், இனி ஆன்டிபயாடிக்கே வேணாம்" அப்படிங்கற ரேஞ்சுல ஒரு வீடியோவாவது அடிக்கடி கண்ணுல பட்டுடுது. கூடவே அதே படம், கட்டம்கட்டமா ஒரு தலை, கீழ ஒரு குழாய், அதுக்கு கீழ ஆறு கால். அந்த வைரஸுக்குத்தான் ஃபேஜ்னு பேரு. எனக்கு ஃபேஜ் பத்தி படிக்கறதுன்னா ஒரு பைத்தியம், அதனால அந்த வீடியோவையும் விடாம பாக்கறேன்தான், ஆனா எல்லாத்துலயும் கதை ஒரே மாதிரி போகும், ஃபேஜ் ஹீரோ, பாக்டீரியா வில்லன், ஒரு சண்டை, சுபம். நம்ம மூக்கு, தொண்டை, நுரையீரல்னு இந்த மூணு எடத்துல நடக்கறத மட்டும் பாத்தாலே அந்தக் கதை நிக்காது. சில எடத்துல ஃபேஜ் பாக்டீரியாவ கொல்லுது, சில எடத்துல அதே பாக்டீரியாவுக்கு ஆயுதம் சப்ளை பண்ணுது, இன்னும் சில எடத்துல ஒரு பாக்டீரியா பக்கத்துல இருக்கற இன்னொரு பாக்டீரியாவ ஒழிச்சுக்கட்ட ஃபேஜ யூஸ் பண்ணிக்குது. எதிரிக்கு எதிரி நண்பன்ங்கற கணக்கு இங்க பாதி நேரம் தப்பாதான் வருது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், ஜலதோஷம், ஃப்ளூ, கொரோனா இதெல்லாம் வைரஸால வர்றது, அங்க ஃபேஜுக்கு வேலையே கெடையாது. ஃபேஜ் பிடிக்கறது பாக்டீரியாவ மட்டும்தான், அதுலயும் எல்லாத்தையும் இல்ல, ஒரு ஃபேஜுக்கு ஒரு இனம், பல நேரம் அந்த இனத்துலயே குறிப்பிட்ட சில வகை மட்டும்.

தொண்டை அடைப்பான்லேர்ந்து ஆரம்பிக்கறேன், அதாவது டிப்தீரியா. தொண்டையில சாம்பல் கலர்ல ஒரு சவ்வு படர்ந்து குழந்தைங்க மூச்சு விட முடியாம திணறிப்போற வியாதி, அதோட நிக்காது, விஷம் ரத்தத்துல கலந்து இதயத்தையும் நரம்பையும் போட்டு அடிக்கும். அந்த விஷத்த பண்றது கோரினிபாக்டீரியம் டிப்தீரியேங்கற பாக்டீரியான்னு எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கு. ஆனா அந்த விஷத்தோட ஜீன் பாக்டீரியாவோட சொந்த சொத்து இல்ல, அது ஒரு ஃபேஜோட டிஎன்ஏவுல இருக்கற ஜீன். 1951-ல ஃப்ரீமன்ங்கற ஆராய்ச்சியாளர் விஷம் பண்ணத் தெரியாத சாதுவான டிப்தீரியா பாக்டீரியாவ எடுத்து அதுமேல ஃபேஜ விட்டுப் பாத்தார், அதுல பொழச்சு வந்த பாக்டீரியா விஷம் கக்க ஆரம்பிச்சுடுச்சு. ஃபேஜ் வந்ததால சாது ரவுடியாயிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னா, ஃபேஜ் பாக்டீரியாவுக்குள்ள டிஎன்ஏவ எறக்கினதும் அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒடனே வேலைய ஆரம்பிச்சு காப்பி மேல காப்பி எடுத்து, தலை வால் எல்லாம் கட்டி, பாக்டீரியாவோட செவத்த ஒடச்சுகிட்டு கும்பலா வெளிய வர்றது. இன்னொண்ணு, பாக்டீரியாவோட குரோமோசோம்லயே தன் டிஎன்ஏவ சொருகிகிட்டு கம்முனு ஒக்காந்துடறது, பாக்டீரியா ரெண்டாகும்போதெல்லாம் ஃபேஜ் டிஎன்ஏவும் சேந்து ரெண்டாகும், கைக்காசு செலவில்லாம வம்சம் வளரும். இப்படி உள்ள ஒக்காந்திருக்கறதுக்கு ப்ரோஃபேஜ்னு பேரு. இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க, குடியிருக்கற வீடு நல்லா இருந்தாதான் ப்ரோஃபேஜுக்கும் நல்லது, அதனால பாக்டீரியாவுக்கு ஒதவற மாதிரி ஒரு ஜீன் கையோட எடுத்துட்டு வந்தா ரெண்டு பேருக்கும் லாபம், நஷ்டம் நமக்கு. இந்த ரெண்டாவது ரகத்த வீடியோக்காரங்க யாரும் பேசறதே இல்ல, ஆனா வியாதி விஷயத்துல பாதிக் கதை இங்கதான் இருக்கு.

டிப்தீரியாவுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அந்த சுவிட்ச் இருக்கற எடம். ஜீன் ஃபேஜோடது, ஆனா அத ஆன் ஆஃப் பண்ற புரோட்டீன் பாக்டீரியாவோடது, டிடிஎக்ஸ்ஆர்னு பேரு. சுத்தி இரும்பு தாராளமா இருந்தா அந்த புரோட்டீன் ஜீன் மேல ஏறி ஒக்காந்து அமுக்கி வெச்சிருக்கும், இரும்பு கொறஞ்சா எறங்கிடும், விஷ உற்பத்தி ஆரம்பம். நம்ம ஒடம்புல இரும்பு சும்மா மெதந்துகிட்டு இருக்காது, எல்லாத்தையும் புரோட்டீனுக்குள்ள பூட்டி வெச்சிருக்கோம், அதனால தொண்டையில வந்து ஒட்டின பாக்டீரியாவுக்கு இரும்புப் பஞ்சம், பஞ்சம் வந்தா விஷம். அந்த விஷமும் லேசுப்பட்டது இல்ல, செல்லுக்குள்ள புரோட்டீன் கட்றதுக்கு தேவையான ஈஎஃப்-2ங்கற ஒரு பாகத்த ஒண்ணு ஒண்ணா முடக்கிகிட்டே போகும், அதோட வேலை செய்யற துண்டு ஒரே ஒரு மூலக்கூறு உள்ள போனாலே அந்த செல் காலின்னு 1978-ல காமிச்சிருக்காங்க. குழந்தைங்களுக்கு போடற முத்தடுப்பு ஊசியில டிப்தீரியாவுக்கான பங்கு என்னன்னா இதே விஷத்த செயலிழக்க வெச்சது, அதாவது ஊசியில இருக்கற அந்தப் பங்கு உண்மையில பாக்டீரியாவுக்கு எதிரா கூட இல்ல, ஒரு ஃபேஜ் ஜீன்லேர்ந்து வர்ற புரோட்டீனுக்கு எதிரானது. இத மொதல்ல புரிஞ்சுகிட்டப்ப நான் கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்துட்டேன்.

இதே கதைதான் ஸ்கார்லெட் காய்ச்சல்லயும். தொண்டை வலி வரவைக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் இருக்கே, அதுல சில வகைதான் ஒடம்பு பூரா உப்புத்தாள் கணக்கா சொரசொரன்னு செவப்புத் தடிப்பு வரவைக்கும், அதுக்குக் காரணமான ஸ்பீ-ஏ, ஸ்பீ-சி மாதிரி நச்சுகளோட ஜீன்கள் ப்ரோஃபேஜ்ல இருக்கு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்லயும் பிவிஎல்னு ஒரு நச்சு, அதுவும் ஃபேஜ் சொமந்துகிட்டு வர்றதுதான், வெள்ளை அணுக்கள்ல ஓட்டை போட்டு கொல்லும். நல்லா ஆரோக்கியமா இருந்த சின்ன வயசுக்காரங்களுக்கு ஃப்ளூ வந்த கையோட திடீர்னு நுரையீரல் அழுகற மாதிரி ஒரு பயங்கர நிமோனியா வரும், அதுல இந்த பிவிஎல் இருக்கற வகைதான் அடிக்கடி மாட்டுது.

சரி, இப்ப மூக்குக்குள்ள போவோம். குழந்தைங்க மூக்கு, தொண்டையோட பின்பக்கம் எல்லாம் பாக்டீரியாக்கள் எடத்துக்கு அடிச்சுக்கற ஏரியா. நிமோனியா வரவைக்கற நியூமோகாக்கஸும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும் அங்க குடித்தனம் பண்றதுண்டு, ஆனா நியூமோகாக்கஸ் இருக்கற குழந்தைங்ககிட்ட ஸ்டஃப் கொறச்சலா இருக்குன்னு 2004-லயே ரெண்டு மூணு எடத்துல பாத்து எழுதினாங்க. ஏன்? நியூமோகாக்கஸ் ஹைட்ரஜன் பெராக்சைடு பண்ணும், புண்ணு கழுவ ஊத்துவாங்களே அதே சமாச்சாரம்தான், சும்மா கொஞ்சநஞ்சம் இல்ல, நெறய விடும். அப்ப பெராக்சைடு ஸ்டஃப கொன்னுடுது, அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா ஸ்டஃப்கிட்ட பெராக்சைட ஒடைக்கற கேட்டலேஸ்ங்கற என்சைம் இருக்கு, அது லேசுல சாகாது.

2009-ல வந்த ஒரு ஆராய்ச்சி இதுக்கு குடுத்த வெளக்கம் சினிமா ட்விஸ்ட தூக்கி சாப்டுடும். ஸ்டஃப் வகைகள்ல பெரும்பாலானதுக்குள்ள ஏற்கெனவே ப்ரோஃபேஜ் தூங்கிகிட்டு இருக்கு. பெராக்சைடு ஸ்டஃபோட டிஎன்ஏவ லேசா காயப்படுத்தும், சாகற அளவுக்கு இல்ல. டிஎன்ஏ காயம்னா பாக்டீரியா எஸ்ஓஎஸ்னு ஒரு அவசரகால ஏற்பாட்ட ஆரம்பிக்கும், ரெக்-ஏங்கற புரோட்டீன் முழிச்சுக்கும். பிரச்சனை என்னன்னா, ப்ரோஃபேஜ தூங்க வெச்சிருக்கற புரோட்டீனும் இதே ரெக்-ஏ வந்து தொட்டா தன்னையே வெட்டிக்கும். ஃபேஜ் பக்கத்துலேர்ந்து யோசிச்சா நியாயம்தான், வீடு எரியுதுன்னா மொதல்ல கெளம்பறவன்தானே புத்திசாலி. அதனால ஸ்டஃப் தன்ன ரிப்பேர் பண்ணிக்க சைரன் அடிச்ச ஒடனே உள்ள தூங்கிகிட்டிருந்த ஃபேஜ் எழுந்து, பெருகி, செவத்த ஒடச்சுகிட்டு வெளிய வருது, ஸ்டஃப் செத்துப்போகுது. ப்ரோஃபேஜ் இல்லாத ஸ்டஃப எடுத்து அதே அளவு பெராக்சைடு குடுத்துப் பாத்தா அது பொழச்சுக்குது. இதே வேலைய நியூமோகாக்கஸுக்குள்ள இருக்கற ஃபேஜ் அது மேலயே பண்ணாதான்னு கேப்பீங்க, நியூமோகாக்கஸ்கிட்ட அந்த எஸ்ஓஎஸ் ஏற்பாடே கெடையாது. கொல்ற அளவுக்கு விஷம் சொந்தமா செலவு பண்ணாம எதிரி வீட்டுக்குள்ளயே இருக்கற ஆள எழுப்பிவிட்டு கொல்றான், இவன்கிட்ட ஜாக்கிரதையாதான் இருக்கணும்.

சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாடிக்கும் டிஎன்ஏவ தாக்கறதால இதே சைரன அடிக்க வெச்சுடும், அப்ப ப்ரோஃபேஜ் கெளம்பும்ங்கறது ஒரு கொசுறுத் தகவல்.

இப்ப நுரையீரல். சூடோமோனாஸ் ஏருஜினோசாங்கற பேர சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கறவங்க வீட்ல கேட்டாலே முகம் மாறும். அந்த வியாதியில சளி கெட்டியாகி நுரையீரலவிட்டு வெளிய வராது, அதுக்குள்ள இந்த பாக்டீரியா வருஷக்கணக்கா டேரா போட்டுடும், எத்தன ஆன்டிபயாடிக் போட்டாலும் முழுசா போகாது. இதுக்குள்ள பிஎஃப்னு ஒரு வகை ஃபேஜ் இருக்கு, அதுக்கு தலையும் கெடையாது காலும் கெடையாது, வெறும் நூல். அகலம் ஒரு ஆறேழு நானோமீட்டர், நீளம் மட்டும் மைக்ரோமீட்டர் கணக்குல, பல நேரம் அது வெளிய வந்த பாக்டீரியாவவிடவே கொஞ்சம் நீளமா இருக்கும். இது செவத்த ஒடைக்காது, பாக்டீரியா உசுரோட இருக்கும்போதே நூல் நூலா வெளிய வந்துகிட்டே இருக்கும், ஆலை ஓடிக்கிட்டே இருக்கும் சரக்கும் வந்துகிட்டே இருக்கும்.

இந்த நூல் எல்லாம் சளிக்குள்ள சேந்ததும் என்ன ஆகும்னா, ஒரு டப்பாவுல தீக்குச்சியக் கொட்டி தட்டித்தட்டி எடம் கம்மி பண்ணினா எல்லாம் தானா ஒரே பக்கமா அடுக்கிக்குமே, அந்த மாதிரி அடுக்கிக்கும். சளியில ஏற்கெனவே செத்த செல்லோட டிஎன்ஏ, சளிய பிசுபிசுன்னு ஆக்கற மியூசின்ங்கற புரோட்டீன் எல்லாம் நெரிசலா இருக்கறதால இந்த நூல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசை கட்டி திரவப் படிகம் ஆயிடுதுன்னு 2015-ல கண்டுபுடிச்சாங்க. சளி இன்னும் பிசுபிசுப்பாகுது, காஞ்சு போகாம ஈரத்த புடிச்சு வெச்சுக்குது, பாக்டீரியாவ சுத்தி ஒரு ஒறை மாதிரி ஆயிடுது. நூலோட மேற்பரப்புல நெகட்டிவ் சார்ஜ், இந்த நோயாளிங்க மூக்கு வாய் வழியா ஆவியா இழுக்கற டோப்ராமைசின் மருந்துக்கு பாசிட்டிவ் சார்ஜ், மருந்து போய் பாக்டீரியாவ தொடறதுக்கு முன்னாடியே நூல்ல ஒட்டிகிட்டு நின்னுடுது. பாக்டீரியாவோட எந்த ஜீனும் மாறல, லேப்ல டெஸ்ட் பண்ணா மருந்துக்கு சாகுதுன்னுதான் ரிப்போர்ட் வரும், நுரையீரல்ல சாகல, அதுக்கு பல காரணம் இருக்கு, அதுல இந்த நூலும் ஒண்ணு.

அதோட விடல. 2019-ல எலியோட காயத்துல வெச்சு பண்ண ஒரு ஆராய்ச்சியில (நுரையீரல் இல்ல, தோல் காயம், அத சொல்லிடணும்) இந்த பிஎஃப் ஃபேஜ நம்ம பக்கத்து வெள்ளை அணுக்கள் முழுங்கினதும் உள்ள போய் டிஎல்ஆர்-3ங்கற வைரஸ் அலாரத்த தட்டிவிடுதுன்னு காமிச்சாங்க. வைரஸ் வந்துடுச்சுன்னு ஒடம்பு நெனச்சு வைரஸ எதிர்க்கற இன்டர்ஃபெரான் பக்கம் போயிடுது, பாக்டீரியாவ புடிச்சு முழுங்கற வேலை மந்தமாயிடுது. தப்பான அலாரம், போலீஸ் வேற தெருவுக்கு போயிடுச்சு, இங்க திருடன் நிம்மதியா இருக்கான். பாக்டீரியாவுக்கு எதிரா இல்லாம அந்த ஃபேஜுக்கு எதிரா எலிக்கு தடுப்பூசி போட்டா பாக்டீரியா தொற்றும் கொறையுதுன்னு அதே ஆராய்ச்சியில இருக்கு. இதப் படிச்சதுக்கு அப்புறமும் ஒருத்தர் ஃபேஜ்னாலே மருந்துன்னு சொன்னா நான் எதுவும் பேசறதில்ல, லிங்க் அனுப்பிட்டு போயிடறேன்.

பாக்டீரியாவும் ஃபேஜும் அடிச்சுக்கற பக்கத்தையும் சொல்லணும்ல, அதுவும் இந்த மூச்சுப்பாதை பாக்டீரியாக்கள்கிட்டதான் அழகா தெரியும். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸான்னு ஒண்ணு, குழந்தைங்களுக்கு காதுவலி, நிமோனியா எல்லாம் வரவைக்கும். ஹாமில்டன் ஸ்மித்ங்கற ஆராய்ச்சியாளர் அத வெச்சு வேலை பண்ணிகிட்டிருந்தப்ப, பாக்டீரியாவுக்குள்ள போட்ட ஃபேஜ் டிஎன்ஏ மட்டும் துண்டுதுண்டா போகறத கவனிச்சார், பாக்டீரியாவோட சொந்த டிஎன்ஏவுக்கு ஒண்ணும் ஆகல. வெளியாள் டிஎன்ஏவ குறிப்பிட்ட எழுத்து வரிசையில பாத்து வெட்டற கத்தரி அது, 1970-ல வெளிய வந்துச்சு, 1978-ல ஆர்பர், நேதன்ஸ் கூட சேத்து நோபல். இன்னிக்கு ஜெனெடிக் இன்ஜினியரிங்னு பேசறதெல்லாம் ஆரம்பிச்சது ஃபேஜுக்கு பயந்து பாக்டீரியா வெச்சிருந்த இந்த மாதிரி கத்தரிங்கள்லேர்ந்துதான். சரி கத்தரி இருக்குன்னா ஃபேஜ் சும்மா இருக்குமா, சூடோமோனாஸ பிடிக்கற ஃபை-கேஇசட்னு ஒரு ராட்சச ஃபேஜ் உள்ள நுழைஞ்சதும் புரோட்டீன்லயே ஒரு கூடு கட்டி அதுக்குள்ள தன் டிஎன்ஏவ வெச்சு பூட்டிக்குது, கிட்டத்தட்ட நம்ம செல்லோட உட்கரு மாதிரி, கத்தரியும், முன்னாடி வந்த ஃபேஜோட டிஎன்ஏவ ஞாபகம் வெச்சு வெட்டற கிரிஸ்பர்ங்கற இன்னொரு பாக்டீரியா ஆயுதமும் வெளிய சுத்திகிட்டு நிக்க வேண்டியதுதான். கிரிஸ்பர நேரடியாவே முடக்கற புரோட்டீன்களும் சூடோமோனாஸ் ஃபேஜ்கள்ல 2013-ல கெடச்சுது.

ஆனா என்னோட ஃபேவரிட் போர்டெடெல்லா ஃபேஜ்தான். கக்குவான் இருமல் பண்ற பாக்டீரியாவோட குடும்பம் அது, அதுல நாய்க்கெல்லாம் இருமல் வரவைக்கற போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகாவுல இந்த ஆராய்ச்சி நடந்துச்சு. இந்த பாக்டீரியாவுக்கு ரெண்டு வேஷம். மூச்சுக்குழாய்க்குள்ள சூடா இருக்கும்போது ஒட்டிக்கறதுக்கான புரோட்டீன், நச்சு எல்லாம் வெளிய காட்டும், வெளிய போயிட்டா எல்லாத்தையும் கழட்டி வெச்சுடும். பிபிபி-1ங்கற ஃபேஜ் பாக்டீரியாவ பிடிக்க பெர்டாக்டின்ங்கற புரோட்டீன தேடும், அது மொத வேஷத்துல மட்டும்தான் இருக்கும். அப்ப வேஷம் மாறிட்டா ஃபேஜ் பட்டினியா? இல்ல. ஃபேஜோட வால் நுனியில பாக்டீரியாவ தொட்டுப் பாக்கற எம்டிடின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அந்த ஜீனோட கடைசிப் பகுதிய மட்டும் மாத்தி மாத்தி எழுதறதுக்குன்னே ஃபேஜ் ஒரு மெஷின் வெச்சிருக்கு. பக்கத்துலயே மாறாத ஒரு மூலப்பிரதி, அத ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்ங்கற என்சைம் காப்பி எடுக்கும், எடுக்கும்போது அடினின்ங்கற எழுத்து வர்ற எடத்துல மட்டும் வேணும்னே கன்னாபின்னான்னு தப்பு பண்ணும், அந்த தப்பான காப்பி வால் ஜீன்ல போய் ஒக்காந்துடும், மூலப்பிரதி பத்திரமா அப்படியே இருக்கும். இப்படி வரக்கூடிய வால் நுனிகள் மொத்தம் சுமார் 10 லட்சம் கோடி ரகம். அதுல ஏதோ ஒண்ணு புது வேஷத்தையும் புடிச்சுடும், ரெண்டு வேஷத்தையும் புடிக்கற ஃபேஜும் கெடச்சிருக்கு. 2002-ல இது வந்தப்ப எல்லாரும் ஆச்சரியப்பட்டதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா நம்ம ஒடம்பு ஆன்டிபாடி பண்றப்ப பண்ற வேலையும் கிட்டத்தட்ட இதுதான், எது வரும்னு தெரியாது அதனால எல்லா ரகத்தையும் ரெடி பண்ணி வெச்சுக்கோ.

இப்ப வைத்தியத்துக்கு வர்றேன், இல்லாட்டி நான் ஃபேஜ் எதிர்ப்பாளர்னு முடிவு பண்ணிடுவீங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், ஃபேஜ் நல்லதா கெட்டதான்னு கேக்கறதுல பிரயோஜனம் இல்ல, எந்த ஃபேஜ், எந்த பாக்டீரியா, அது பாக்டீரியாவோட எந்த உறுப்ப புடிச்சு உள்ள போகுது, இத கேட்டாதான் பதில் கெடைக்கும். உள்ள போய் தூங்கற ரகம்னா வைத்தியத்துக்கு வேணாம், மொதல்ல ஜீனோம் முழுசும் படிச்சு நச்சு ஜீன் இல்லன்னு பாத்துட்டுதான் ஆளுக்கு குடுக்கறாங்க.

மூணாவது கேள்விதான் எனக்கு ரொம்ப சுவாரசியம். யேல் பல்கலைக்கழகத்துல பால் டர்னர் குழு ஒரு குளத்துலேர்ந்து எடுத்த ஓஎம்கேஓ-1ங்கற ஃபேஜ், சூடோமோனாஸ் மேல இருக்கற பம்ப்ப புடிச்சு உள்ள போகுது. அந்த பம்ப் எதுக்குன்னா உள்ள வர்ற ஆன்டிபயாடிக்க வெளிய எறச்சு தள்ளறதுக்கு. இப்ப பாக்டீரியாவுக்கு ரெண்டு பக்கமும் இடி, பம்ப வெச்சுகிட்டா ஃபேஜ் கொல்லும், பம்ப மாத்திட்டா பழைய ஆன்டிபயாடிக் திரும்ப வேலை செய்யும். பாக்டீரியா எதிர்ப்பு சக்தி வளத்துக்கறத தடுக்கவே முடியாது, அப்ப எந்தப் பக்கம் வளத்துக்கணும்னு நாமளே தள்ளிவிடலாம்ங்கற யோசனை. இதே யோசனைய வெச்சு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கற 9 பேருக்கு ஆளுக்கேத்த மாதிரி ஃபேஜ் தேடி நெபுலைசர் வழியா குடுத்து, சளியில பாக்டீரியா நல்லா கொறைஞ்சுது, நுரையீரல் டெஸ்ட்டும் கொஞ்சம் ஏறுச்சுன்னு 2025-ல போட்டிருக்காங்க. ஒப்பிட்டுப் பாக்க மருந்து குடுக்காத குழு இல்ல, வெறும் 9 பேர்தான், அதனால குதிக்க வேணாம், ஆனா நம்பிக்கையா இருக்கு. நிமோனியா வரவைக்கற கிளெப்சியெல்லாங்கற இன்னொரு பாக்டீரியாவுலயும் இந்த மாதிரி ஒரு கிடுக்கிப்பிடி இருக்கு, அது கெட்டியான சர்க்கரை ஒறைய போத்திகிட்டு திரியும், அந்த ஒறையில மட்டும் 70க்கு மேல ரகம், ஃபேஜோட வால்ல இருக்கற என்சைம் அதுல ஒண்ணு ரெண்டு ரகத்த மட்டும் அறுக்கும். தப்பிக்கணும்னா பாக்டீரியா ஒறைய கழட்டணும், கழட்டிட்டா நம்ம வெள்ளை அணுவுக்கு அல்வா.

வெள்ளை அணுன்னதும் ஞாபகம் வருது, 2017-ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் பக்கத்துலேர்ந்து வந்த எலி ஆராய்ச்சி. சூடோமோனாஸ் நிமோனியா வந்த எலிக்கு ஃபேஜ் குடுத்தா பொழைக்குது, ஆனா நியூட்ரோஃபில் வெள்ளை அணு இல்லாத எலிக்கு அதே ஃபேஜ் குடுத்தா பொழைக்கல. பெரும்படைய ஃபேஜ் காலி பண்ணுது, ஃபேஜுக்கு தப்பின மிச்சத்த வெள்ளை அணு பொறுக்கி எடுக்குது, ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் கதை கந்தல். அப்ப எதிர்ப்பு சக்தியே இல்லாத நோயாளிக்கு, அதாவது யாருக்கு இது ரொம்ப தேவையோ அவங்களுக்கு, இது தனியா போதுமான்னு யோசிக்க வேண்டியிருக்கு.

யோசிக்கும்போதே எதிர் உதாரணமும் வந்து நிக்குது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியில 15 வயசு பொண்ணு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ரெண்டு நுரையீரலும் மாத்து அறுவை சிகிச்சை பண்ணி, எதிர்ப்பு சக்திய அமுக்கற மாத்திரையில இருந்தப்ப மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் ஒடம்பு பூரா பரவிடுச்சு, டிபி கிருமிக்கு பங்காளி, மருந்துக்கு மசியாத பங்காளி. பிட்ஸ்பர்க்ல கிரஹாம் ஹாட்ஃபுல் வெச்சிருந்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்ல தேடி மூணு எடுத்தாங்க. அதுல மட்டி-ங்கற ஒண்ணு தென் ஆப்பிரிக்காவுல அழுகின கத்தரிக்காய் அடியிலேர்ந்து கெடச்சது, அது நேரா கொல்லும். மத்த ரெண்டும் தூங்கற ரகம், தூங்க வைக்கற ஜீன வெட்டித் தூக்கிட்டு கொல்ற ரகமா மாத்தினாங்க. நரம்பு வழியா ஏத்தினாங்க, ஆறு மாசத்துல நெஞ்சுப் புண் ஆறிச்சு, கல்லீரல் தேறிச்சு, தோல்ல இருந்த கட்டிகளும் பெரும்பாலும் போச்சு. 2019-ல இது வெளிய வந்தப்பதான் ஒலகமே ஃபேஜ் பக்கம் திரும்பிச்சு.

அதுக்கப்புறம் வந்தத பத்திரிகைங்க அவ்வளவா போடல. 81 வயசு நோயாளி ஒருத்தர், மூச்சுக்குழாய் விரிஞ்சுபோற ப்ராங்கியெக்டேசிஸ், அதே கிருமி, அதே மூணு ஃபேஜ். மொத மாசம் பாக்டீரியா பத்துல ஒரு பங்காச்சு, ரெண்டு மாசத்துல ஒடம்பு ஃபேஜுக்கு எதிரா ஆன்டிபாடி பண்ணி ஃபேஜயே செயலிழக்க வெச்சுடுச்சு, பாக்டீரியா திரும்ப ஏறிச்சு. அவருக்கு எதிர்ப்பு சக்தி நல்லா இருந்ததுதான் பிரச்சனை. அந்தப் பொண்ணுக்கு அது அமுங்கி இருந்ததே சாதகமா போச்சோ என்னவோ. 2023-ல 20 நோயாளிங்க கணக்க மொத்தமா போட்டாங்க, 11 பேருக்கு பலன், நரம்பு வழியா ஏத்தினதுல 8 பேருக்கு ஆன்டிபாடி. ஆச்சரியம் என்னன்னா ஒரே ஒரு ஃபேஜ் மட்டும் குடுத்தவங்ககிட்ட கூட பாக்டீரியா ஃபேஜுக்கு எதிர்ப்பு வளத்துக்கல. இன்னொரு சிக்கல், இந்த கிருமியில சொரசொரப்பா வளர்ற வகையத்தான் ஃபேஜ் கொல்லுது, வழவழப்பா வளர்ற வகை பெரும்பாலும் தப்பிச்சுடுது, நோயாளிங்ககிட்ட ரெண்டும் உண்டு.

டிபி கிருமியையே ஃபேஜ் விட்டு கொல்லலாமேன்னு கேக்கறவங்களுக்கு, தட்டுல வெச்சா கொல்லுது, ஆனா ஒடம்புல டிபி கிருமி நம்ம செல்லுக்குள்ளயே ஒளிஞ்சு ஒக்காந்திருக்கும், ஃபேஜ் அங்க போய் சேரணும். அதனால அங்க இதுவரைக்கும் உருப்படியா வந்தது டெஸ்ட்டுதான், மின்மினி ஜீன் வெச்ச ஃபேஜ டிபி கிருமிக்குள்ள அனுப்பி, மருந்து போட்டும் வெளிச்சம் வருதான்னு பாக்கறது, 1993-ல வந்த ஐடியா. வெளிச்சம் வந்தா கிருமி உசுரோட இருக்கு, அந்த மருந்து வேஸ்ட்.

ஃபேஜுக்கே திருட்டுப்பசங்க தொல்லை இருக்கு, ஸ்டஃபுக்குள்ள ஒக்காந்துகிட்டு ஃபேஜ் கட்டின தலைய லவட்டிகிட்டு அதுல தன்ன வெச்சு பேக் பண்ணி அனுப்பிக்கற டிஎன்ஏ துண்டுகள். அத இங்க ஆரம்பிச்சா இன்னும் இவ்வளவு போகும், அடுத்த போஸ்ட்டுக்கு வெச்சுக்கறேன்.